களை மீன் தீர்மானம்

"தீர்மானம் எண் 4: பூங்காவை ஒட்டிய குட்டையிலுள்ள களை மீன்களை முற்றிலுமாக அகற்றி, அவ்விடத்தில் நமது பாரம்பரிய நாட்டு மீன்களை விட்டு வளர்ப்பது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. புரட்டாசி முதல் சனிக்கிழமை, மாலை 6.10."

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் இந்தப் பதிவு இருக்கிறது. எழுதியவன் நான். ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். சங்கத்துக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அவ்வளவுதான். 'ஒருமனதாக' என்பதில் மட்டும் சிறு திருத்தம் தேவை. கமிட்டியில் ஒருவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்பதால் அதை நான் தனியாகக் குறிக்கவில்லை.

முப்பது வருடம் அச்சகங்களில் பிழை திருத்திப் பிழைத்தவன் நான். மேலே உள்ள தீர்மானத்தை இப்போது படித்தாலும் ஒற்றுப் பிழையோ சந்திப் பிழையோ கண்ணில் படவில்லை. காற்புள்ளி கூடச் சரியான இடத்தில் இருக்கிறது. பொருள் ஒன்றுதான் தலைகீழாக இருந்தது.

எங்கள் காலனி அடையாற்றின் தென்கரையில், ஆறு கடலைத் தொடும் கழிமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'ஆற்றைப் பார்த்த வீடு' என்று விளம்பரம் செய்துதான் இங்கே எல்லாரிடமும் விற்றார்கள். வாங்கியவர்கள் முதல் வேலையாக ஆற்றைப் பார்த்த ஜன்னல்களை அடைத்தார்கள். பூங்காவுக்குப் பின்னால் ஒரு குட்டை உண்டு. நான்கு மாநகரப் பேருந்துகளை நிறுத்தினால் நிறைந்துவிடும். மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் கலந்த நல்ல தண்ணீர். அது நிறைந்தால், சாலைக்கு அடியில் போகும் ஒரு மதகு வழியாகக் கழிமுகத்தில் போய் விழும். அந்த மதகைப் பொறியாளர்கள் 'கல்வர்ட்' என்பார்கள். வார்டு ஊழியர்கள் வாயில் அது 'கல்வெட்டு'. காலனிக்கு வந்த புதிதில், பூங்காவுக்குப் பின்னால் ஒரு கல்வெட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக ஒரு காலை முழுவதும் புதருக்குள் தேடியிருக்கிறேன். ஒரு வார்த்தையை நம்பி நான் ஏமாந்தது அதுதான் கடைசி முறை என்று நினைத்திருந்தேன்.

நாட்டு மீன் யோசனை எப்படி வந்தது என்பதற்கும் என்னிடம் குறிப்பு இருக்கிறது. ஆவணி மாதம் ஆழ்வார்பேட்டைச் சங்கம் ஒன்று சிட்டுக்குருவிகளுக்குப் பெட்டி மாட்டியது. குருவி வந்ததா என்று தெரியாது, பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்தார். எங்கள் தலைவர் அந்தப் படத்தைக் கைப்பேசியில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் ஓய்வு பெற்ற பொறியாளர். பாலமும் தொட்டியும் கட்டியே பழக்கப்பட்டவர். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் அதற்கு என்னமோ குறை இருப்பதாக அவருக்குத் தோன்றும். குருவிக்கு மேலே என்ன இருக்கிறது என்று யோசித்து, கீழே இறங்கி, மீனுக்கு வந்து சேர்ந்தார்.

நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். உள்ளூர் நீர்நிலைகளில் வெளியூர் மீன்கள் பெருகி நம் மீன்கள் அழிகின்றன என்று யாரோ அனுப்பிய காணொளி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. அது உண்மையும்கூட. சிக்கல் என்னவென்றால், எது வெளியூர் மீன், எது நம் மீன் என்று கமிட்டியில் ஒருவருக்கும் தெரியாது. ஏழு பேரில் ஐந்து பேர் மீன் சாப்பிடாதவர்கள். ஆறாமவருக்குத் தெரிந்த ஒரே மீன் வஞ்சிரம், அதுவும் வறுத்த துண்டாக. அதற்குத் தலை உண்டு என்பதை அவர் கேள்வி ஞானமாக மட்டுமே அறிவார். ஏழாவது ஆள் நான். எனக்குச் சுவை தெரியும், பெயர் தெரியும். முகம் தெரியாது.

அதற்குள் தி. நகரில் டி-ஷர்ட் அடித்தாகிவிட்டது. 'நம்ம குட்டை நம்ம மீன்' என்ற வாசகத்துக்குக் கீழே சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டான ஒரு மீன் வாலை வளைத்து நின்றது. அழகான மீன். அது ஜப்பான்காரர்கள் தோட்டத் தொட்டிகளில் வளர்க்கும் அலங்கார மீன் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தலைவரிடம் ஒரு பழைய துண்டுப் பிரசுரம் இருந்தது. மீன் பண்ணை வைப்பவர்களுக்காக யாரோ எப்போதோ அச்சிட்டது. 'குளத்தைத் தயார் செய்தல்' என்று தலைப்பு. முதல் வரியே இதுதான்: குஞ்சுகளை விடுவதற்கு முன் குளத்திலுள்ள களை மீன்களை அகற்ற வேண்டும், அதற்கு இலுப்பைப் புண்ணாக்கை ஊற வைத்துக் கரைத்து ஊற்றலாம், மீன்கள் மூச்சு முட்டி மிதந்துவிடும், மூன்று வாரம் கழித்துக் குஞ்சு விடலாம்.

களை என்றால் என்ன என்று எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆகாயத்தாமரை களை. அது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஆகவே களை மீன் என்றால் வெளிநாட்டு மீன். தர்க்கம் சரியாகவே இருந்தது. நான் பழக்க தோஷத்தில் வீட்டுக்கு வந்து பெரிய அகராதியையும் புரட்டினேன். 'பயிரினிடையே முளைக்கும் வேண்டாத பூண்டு' என்ற பொருளில் எழுதியிருந்தது. திருப்தியாக மூடி வைத்தேன். யாருக்கு வேண்டாதது என்று அகராதி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை, அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போனேன். அதைப் போட்டதும் தவறு, போன இடமும் தவறு.

எங்கள் தெருமுனையில் ஒரு அம்மாள் மீன் விற்கிறார். ஐம்பது வயதிருக்கும். கணவர் கழிமுகத்தில் வீச்சு வலை போடுகிறார், இவர் விற்கிறார். இருவரும் முன்பு ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்கள். கரையை அழகுபடுத்த வேண்டும் என்று அவர்களைப் பெருங்குடியெல்லாம் தாண்டி எங்கோ அடுக்குமாடியில் குடிவைத்துவிட்டார்கள். ஆற்றை மட்டும் அங்கே கொண்டுபோக முடியாததால், தினமும் விடிகாலைப் பேருந்தில் இருவரும் ஆற்றுக்கு வேலைக்கு வருகிறார்கள். புரட்டாசியில் வியாபாரம் மந்தம். அம்மாளுக்குப் பேச நேரம் நிறைய இருந்தது.

"இன்னா சார், சட்டைல மீன் கீது, கைல பை இல்லியே. வாங்க வந்தியா, காட்ட வந்தியா?"

இரண்டுக்கும்தான் என்றேன்.

"அது இன்னா மீனு? சலூன் கடைல கண்ணாடிப் பொட்டில வுட்டு வெச்சிருப்பாங்களே, அதா?"

"இல்லம்மா. நாட்டு மீன்."

"எந்த நாடு?"

 பேச்சை மாற்றுவதற்காகக் குட்டைத் திட்டத்தைச் சொன்னேன். சனிக்கிழமை காலை புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறோம், வெளிநாட்டுக் களை மீன்களெல்லாம் போய்விடும், அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாட்டு மீன் குஞ்சு விடுகிறோம் என்று பெருமையாகவே சொன்னேன். மடவை மீனைத் தூக்கித் தராசுத் தட்டில் போட்ட கை அப்படியே நின்றது.

"மருந்து ஊத்தப் போறியா? அந்தக் குட்டைலயா?"

"மருந்து இல்லம்மா. இலுப்பைப் புண்ணாக்கு. இயற்கையானது."

"எட்டிக்காய் கூட மரத்துலதான் காய்க்குது. எடுத்துத் துன்னேன் பாப்போம்." அவர் தட்டைக் கீழே வைத்தார். "சார், அந்தத் தண்ணி எங்க வருதுன்னு தெரியுமா உனக்கு? கல்வெட்டு வழியா கய்முகத்துக்கு வருது. அந்த வாயிலதான் எங்க வூட்டுக்காரர் வலை வீசுறாரு. மழை வுட்டா நல்ல தண்ணி அங்க வந்து உப்புத் தண்ணில விழும். அத்த குடிக்கத்தான் மடவ கூட்டம் கூட்டமா வந்து நிக்கும். குட்டைலேந்து பொடி மீன் அடிச்சிக்கினு வரும், அத்த துன்ன கெளுத்தி வரும். ஐப்பசி, கார்த்திகை. அந்த ரெண்டு மாசந்தான் எங்களுக்கு வருசம். மத்த பத்து மாசம் சும்மா பஸ்ல வந்து போய்க்கினு கீறோம்."

வெளிநாட்டு மீன்கள் மட்டும்தான் சாகும் என்றேன். இவ்வளவு படித்தவன் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னேன் என்பதை நேர்மைக்காக இங்கே எழுதுகிறேன்.

"அது எப்டி சார்? புண்ணாக்கு போய் ஒவ்வொரு மீனா பாஸ்போட்டு கேக்குமா?"

அப்போதுதான் தலைவரிடம் வாங்கிக் கால்சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்தேன். களை மீன்கள் எவை என்று அவருக்குப் படித்துக் காட்டினால் சமாதானமாகிவிடுவார் என்று எண்ணம். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். கமிட்டியில் யாரும் திருப்பாத பக்கம். பட்டியல் அங்கே இருந்தது: கெண்டைப்பொடி, உளுவை, பனையேறிக்கெண்டை, குறவை, கெளுத்தி. 'சந்தையில் விலை போகாத இந்தச் சிறு மீன்கள் தீவனத்தைத் தின்றும் குஞ்சுகளைத் தின்றும் பண்ணையாளருக்கு நஷ்டம் உண்டாக்கும்' என்று கீழே விளக்கம். படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அதே பக்கத்தில் 'வளர்க்கத்தக்க மீன்கள்' என்ற தலைப்பின் கீழ் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் ஜிலேபியும் இருந்தன. முதல் மூன்றும் வடநாட்டு ஆறுகளின் மீன்கள். ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. காணொளி யாரைப் பற்றிப் புலம்பியதோ அதே ஆள்.

"நிறுத்திட்ட? படி சார்."

"முடிஞ்சுது."

"இதெல்லாம் காலங்காலமா இந்தக் குட்டைல கீது. வெளியேந்து வந்தது அந்த ஜிலேபியும் நீயும்தான்." கோபமாகச் சொல்லவில்லை. ஐஸை அள்ளி மீன்மேல் போட்டுக்கொண்டே சொன்னார். பிறகு, தனக்குத் தானே பேசுவதுபோல், "எங்கள தூக்கறதுக்கு முன்னால கூட இப்டிதான் ரூம்ல குந்திக்கினு எழுதியிருப்பாங்களா?" என்றார்.  மினிட்ஸ் எழுதுபவர்கள் பொதுவாகக் கெட்டவர்கள் இல்லை என்று மட்டும் சொல்லலாம். மீனைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது, "நீ எழுதுனது தானே, நீயே அடிச்சுடு" என்றார்.

அடிப்பது அவ்வளவு சுலபமில்லை. நிறைவேறிய தீர்மானத்தை இன்னொரு கூட்டத்தில்தான் திருத்த முடியும். வியாழக்கிழமை முழுவதும் தொலைபேசியில் கெஞ்சி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அவசரக் கூட்டம் கூட்ட வைத்தேன். அம்மாளையும் வந்து இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னேன். அவர் வருகிறேன் என்றார். எதையாவது கொண்டுவருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கூட்டமானாலும் முந்தைய கூட்டத்தின் குறிப்புகளை வாசித்து உறுதி செய்த பிறகுதான் அடுத்த பேச்சு. எதைத் திருத்தக் கூட்டம் கூட்டினோமோ அதையே முதலில் உறுதி செய்வதா என்று கேட்டேன். "ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்கு சார்" என்றார் தலைவர். "உறுதி செஞ்சாத்தான் அது தீர்மானம். தீர்மானமா இருந்தாத்தான் திருத்த முடியும்." பொறியாளர் அல்லவா, இடிப்பதற்கு முன் கட்டிமுடிக்க விரும்பினார். நான் எழுந்து நின்று, கணீரென்ற குரலில், தீர்மானம் எண் நான்கு உட்பட எல்லாவற்றையும் வாசித்தேன். "உறுதி" என்று ஏழு கைகளும் உயர்ந்தன. என் கையும்.

கதவோரம் பூங்காத் தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். மத்தியானமே புண்ணாக்கைப் பீப்பாய்களில் ஊறப் போட்டுவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வது என்று கேட்க வந்திருந்தார். கைகள் உயர்ந்ததும் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முக்கால் மணி நேரம் நாங்கள் விவாதித்தோம். தலைவரிடம் நான் துண்டுப் பிரசுரத்தின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"குஞ்சுக்கு முன்பணம் கட்டின பில்லைப் பாருங்க சார். 'இந்தியப் பெருங்கெண்டை: கட்லா, ரோகு, மிர்கால்'ன்னு பண்ணைக்காரன் தெளிவா எழுதியிருக்கான். இந்தியா நம்ம நாடுதானே? அப்ப நாட்டு மீன்தானே?"

"நாட்டுக்கோழின்னா நாடு முழுக்க இருக்கிற கோழின்னு அர்த்தமா சார்?"

"கோழி அஜெண்டாவில் இல்லை" என்றார்.

செயலாளர் மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த மாமி, நல்ல மனசுக்காரர். மாடவீதியில் வாங்கிய கொலு பொம்மைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் எங்கள் பக்கம் திரும்பினார். "எங்காத்துல மீனே வாங்கறதில்லை, எனக்கென்ன தெரியும்? நீங்க எழுதிண்டு வந்தேள், நான் கையெழுத்துப் போட்டேன். ஆனா பேனர் அடிச்சாச்சேன்னுதான் கேக்கறேன். ஒரு வார்த்தைக்காக எல்லாத்தையும் மாத்தணுமா? களைக்குப் பதிலா வேற ஏதாவது ஒரு வார்த்தை போட்டுக்கப்படாதோ?"

தீர்மானத்தில் வார்த்தையை மாற்றலாம், குட்டைக்குள் இருக்கும் மீனை மாற்ற முடியாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மாள் உள்ளே வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வாளியை மேசைக்கு முன்னால் வைத்தார்.

"களை மீனு கேட்டீங்களாமே. கொண்டாந்துகீறேன், பாத்துக்கோங்க."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். வாளிக்குள் கறுப்பாக, செதில் தடித்து, ஏழெட்டு பனையேறிக்கெண்டைகளும் இரண்டு குறவைகளும் புரண்டன. குட்டையிலிருந்து அன்று மத்தியானம் அவர் கணவர் பிடித்தவை. தலைவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"இதுவா நாட்டு மீன்? பார்க்க ஒண்ணும் எடுப்பா இல்லையே."

"நாட்டு மீனுன்னா பவுடர் பூசிக்கினு வருமா சார்?"

அந்த நேரம் பார்த்துப் பனையேறி ஒன்று வாளியின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. பிறகு அதன் வழக்கப்படி, செவுள் மூடியை ஊன்றி ஊன்றி, சங்க அலுவலகத்தின் வழுவழுப்பான தரையில் நடக்க ஆரம்பித்தது. மாமி இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இது நடக்கறதே. யாராவது பிடிங்கோளேன்."

"பயப்படாதீங்க மாமி. கமிட்டில சேர வந்துகீது."

தூங்குகிறவர் அன்று விழித்திருந்தார். அவர்தான் முதலில் சிரித்தார். அதன் பிறகு கூட்டம் ஒரு மாதிரி இளகிப்போனது. தண்ணீர் இல்லாமல் காற்றை மூச்சு விட்டுக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போகும் ஒரு மீனை நேரில் பார்த்த பிறகு, அது வேண்டாத மீன் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அம்மாள் மதகைப் பற்றியும் மடவையைப் பற்றியும் என்னிடம் சொன்னதையே சொன்னார். ஆறரை மணிக்கு, தீர்மானம் எண் நான்கில் கண்ட களை மீன் அகற்றல் ரத்து செய்யப்பட்டது. இந்த முறை ஒருமனதாக, எல்லாரும் விழித்திருக்க. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அதுகளும் இந்த ஊர்தானே" என்றார்.

தோட்டக்காரர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"முடிஞ்சுது சார். மூணு பீப்பாயும் ஊத்திட்டேன்."

யார் ஊற்றச் சொன்னது என்று தலைவர் கேட்டார். தோட்டக்காரர் என்னைக் காட்டினார். "சார்தானே படிச்சாரு. முழுசா அகத்தணும்னு. நீங்கல்லாம் கையத் தூக்கி 'உறுதி'ன்னீங்க. நாளைக்கி காலைல எனக்கு ஊருக்குப் போணும், அதான் இன்னிக்கே ஊத்திட்டேன்."

அம்மாள் வாளியைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். மற்றவர்கள் உடனே வரவில்லை. தலைவர் நன்றியுரை சொல்லாமல் கூட்டத்தைக் கலைக்க ஒப்பவில்லை. அந்த நன்றியுரையையும் பின்னால் நான்தான் மினிட்ஸில் எழுத வேண்டியிருந்தது.

குட்டைமேல் பூங்கா விளக்கின் வெளிச்சம் விழுந்தது. தண்ணீர் காபி நிறத்தில் நுரைத்துக் கிடந்தது. பொடி மீன்கள் மேலே வந்து வட்டம் வட்டமாகச் சுற்றின. குறவைகள் வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பனையேறிகள் சில கரையேறிப் புல்லுக்குள் நடந்தன. கெளுத்தி ஒன்று மல்லாந்து, வெள்ளை வயிறு தெரிய, மதகின் பக்கம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் அந்தப் பக்கம் இழுக்கிறது என்பது எனக்கு உறைத்தது. இரண்டு நாள் முன்பு பெய்த மழையில் குட்டை விளிம்பு வரை இருந்தது.

அம்மாளின் கணவர், தண்ணீரின் நிறத்தைக் கண்டு, ஏற்கெனவே குட்டைப் பக்கத்து மதகு வாயில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். வலையைச் சுருட்டி அதிலே அடைத்துப் பார்த்திருக்கிறார். வலை மீனைத்தான் நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது. மழைக்காலத்துக்கென்று பூங்காவில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகள் எனக்கு ஞாபகம் வந்தன. அவற்றை நானும் தோட்டக்காரரும் இழுத்து வந்தோம். தோட்டக்காரர் ஒவ்வொரு மூட்டைக்கும், "நீங்கதானே சார் படிச்சீங்க" என்றார். அதை மறுக்க முடியவில்லை.

"எழுதற கையில்ல சார், வழுக்கும். இடுப்புல வெச்சி தள்ளு" என்றார் அம்மாள். "படிச்சவன் ஊத்தச் சொன்னா பட்டவன் அடைக்கணும், அதுதானே ரூலு."

கமிட்டி பிறகு வந்தது. டி-ஷர்ட் போட்டிருந்த மூன்று பேர் கரையில் நின்று படம் எடுத்தார்கள். மாமி மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புல்லில் நடந்த பனையேறிகளை முறத்தில் வாரி வாளியில் போட்டார். தொடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் தொட்டார். சங்கத்தின் வரலாற்றில் ஒரு உள்ளூர் உயிரினத்தை யாராவது காப்பாற்றியது அந்த ஒரு வாளிதான் என்று தாராளமாக எழுதலாம்.

ஏழே காலுக்கு மதகு அடைபட்டது. அடைபடுவதற்கு முன் எவ்வளவு தண்ணீர் போனது என்று நான் கேட்டேன். அம்மாளின் கணவர் பேசாத மனிதர். ஆற்றைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

குஞ்சு விடும் விழாவை ரத்து செய்வார்கள் என்று நான் எதிர்பார்த்தது என் அறியாமை. தலைமை விருந்தினர் ஒப்புக்கொண்டாகிவிட்டது. களை மீன்களை அகற்றும் தீர்மானம் ரத்தானதே தவிர நாட்டு மீன் விடும் பாதி ரத்தாகவில்லை என்று தலைவர் என் எழுத்தையே எனக்குச் சுட்டிக்காட்டினார். பிரசுரம் மூன்று வாரம் காத்திருக்கச் சொல்லியிருந்தது. விழா ஒன்பதாம் நாள் நடந்தது. பிளாஸ்டிக் பைகளில் வந்த கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைத் தலைமை விருந்தினர் தாம்பாளத்திலிருந்து சரித்தார். எல்லாரும் கைதட்டினோம். சிற்றுண்டி முடிந்து கை கழுவ வந்தபோது அவை மிதந்துகொண்டிருந்தன. மறுநாள் ஒரு வட்டாரப் பத்திரிகையில் படம் வந்தது. 'நாட்டு மீன்களுக்கு மறுவாழ்வு' என்று தலைப்பு. அம்மாளிடம் காட்டினேன். "எங்களுக்கும் இதே தலைப்புதான் போட்டாங்க" என்று சொல்லிவிட்டு அதிலேயே ஒருவருக்கு மீன் மடித்துக் கொடுத்தார்.

மதகை எப்போது திறப்பது என்ற கேள்வி கமிட்டிக்கு வரவில்லை. கேட்டிருந்தால் ஒரு துணைக்குழு அமைத்திருப்போம். அம்மாளின் கணவர் வேறு ஏற்பாடு செய்தார். தினமும் காலையில், உயிருள்ள ஒரு கெளுத்தியைச் சிறு கூடையில் போட்டு, வாயைக் கட்டி, குட்டையில் இறக்கி வைப்பார். மாலையில் எடுத்துப் பார்ப்பார். செத்திருந்தால் மூட்டைகள் அப்படியே இருக்கும். உயிரோடு இருக்கிற நாள் திறப்பது. நான் மாலை நடைக்குப் போகும்போது பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வேன். முதல் நாட்களில் பக்கம் முழுக்க 'செத்தது' என்றே இருக்கிறது. பிறகு ஒரு நாள் 'சாயங்காலம் வரை துடிப்பு'.

அதற்கு மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் தொடங்கி விடாமல் அடித்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். நான் வீட்டை விட்டு இறங்கவில்லை, அன்றைய பக்கம் காலியாக இருக்கிறது. மாலையில் குட்டை நிரம்பி, மூட்டைகளைத் தாண்டி வழிந்து, மதகு வழியாகக் கழிமுகத்துக்குப் போய்விட்டது. அன்று காலை இறக்கிய கெளுத்தியை மாலையில் எடுத்துப் பார்த்தது அம்மாளின் கணவர் மட்டும்தான்.

அந்த ஐப்பசியில் மதகு வாயில் மடவை குறைவாகவே வந்தது. அம்மாள் பல நாள் பாதிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். சில நாள் வரவேயில்லை. பேருந்துக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார். கார்த்திகையில் கொஞ்சம் தேறியது. தலைவரைக் கேட்டால், அந்த வருடம் முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது, கடல் மீன் உள்ளே வர வழியில்லை, அதற்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை என்பார். மணல் மூடியிருந்தது உண்மை. நானே போய்ப் பார்த்துக் குறித்திருக்கிறேன். ஆனால் மூடியது மழைக்கு முன்பா பின்பா என்பதில் என் குறிப்பு தெளிவாக இல்லை.

மழை வழிந்த அன்று கூடையிலிருந்த கெளுத்தி உயிரோடு இருந்தது என்று அம்மாளின் கணவர் இரண்டு முறை என்னிடம் சொன்னார். அது செத்துக் கிடந்ததாகவும், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவர் மாற்றிச் சொல்வதாகவும் அம்மாள் சொன்னார். ஆனால் அம்மாள் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. குட்டைத் தண்ணீர் கழிமுகத்தில் விழுந்தபோது அதில் நஞ்சு மிச்சம் இருந்ததா என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.